சராசரி சொல்லாத மௌனம்: 5.9 கிகாஹெர்ட்ஸ் வாகனத் தொடர்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1999-இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 5.850 முதல் 5.925 கிகாஹெர்ட்ஸ் வரையிலான 75 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைச் சாலைப் போக்குவரத்துக்கென்று ஒதுக்கியது. வாகனங்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளவும், மோதலுக்கு முன்பே ஓட்டுநரை எச்சரிக்கவும் அந்த இடம். 2006-இல் அதில் 172-ஆம் சேனல் வாகனத்துக்கு வாகனம் போகும் பாதுகாப்புச் செய்திகளுக்கென்று தனியே பிரிக்கப்பட்டது. 2010-இல் இதற்கான வைஃபை வகைத் தரநிலையான 802.11பி (ஆங்கிலத்தில் 802.11p) வந்தது. 2012–13-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் சுமார் 2,800 வாகனங்களில் கருவி பொருத்தி உண்மைச் சாலையிலேயே சோதித்தார்கள். 2017 ஜனவரியில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்ஹெச்டிஎஸ்ஏ, புதிய கார்கள் எல்லாவற்றிலும் இதைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை வெளியிட்டது. அந்த விதி நிறைவேறவில்லை. 2020 நவம்பரில் எஃப்சிசி கீழ்ப்பகுதி 45 மெகாஹெர்ட்ஸை வைஃபை போன்ற பொதுப் பயன்பாட்டுக்குத் திருப்பிவிட்டு, மேலுள்ள 30 மெகாஹெர்ட்ஸை மட்டும் வாகனங்களுக்கு வைத்தது. அதையும் 802.11பி வழியிலிருந்து செல்பேசித் தொழில்நுட்பத்தில் பிறந்த சி-வி2எக்ஸ் வழிக்கு மாற்றியது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த முடிவை உறுதிசெய்தது. 2023 நவம்பரில் வரைவு விதி திரும்பப் பெறப்பட்டது. 2024 நவம்பரில் சி-வி2எக்ஸ் இறுதி விதிகள் வந்தன.

இந்த வரலாற்றைக் கொள்கைச் சண்டையாகவே பலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது அதன் அடியிலுள்ள பொறியியல் கேள்வி. நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே சேனலில் நொடிக்குப் பத்து முறை பேசினால் என்ன ஆகும், அதை எப்படிச் சீர்செய்தார்கள், சீர்செய்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை. இரண்டு தொழில்நுட்பங்களும் வேறு வேறு இடங்களில் தடுக்கி விழுகின்றன. ஆனால் இரண்டிலும் விழுந்ததை மறைப்பது ஒரே எண்தான்: சராசரி பாக்கெட் வெற்றி விகிதம், அதாவது அனுப்பிய செய்திகளில் எத்தனை சதவீதம் போய்ச் சேர்ந்தது என்பது.

ஒரு செய்தி சேனலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது?

ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை, முடுக்கம், பிரேக் நிலை, வண்டியின் நீள அகலம் ஆகியவற்றை ஒரு சிறு செய்தியில் அடைத்து 100 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லோருக்கும் பொதுவாக ஒலிபரப்புகிறது. அமெரிக்க வழக்கில் இதன் பெயர் பிஎஸ்எம், ஐரோப்பாவில் இதற்கு இணையானது சிஏஎம். டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்த்து 300 பைட் என்று வைத்துக்கொள்வோம்.

802.11பி-யின் 10 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரு ஓஎஃப்டிஎம் குறியீடு, அதாவது பிட்டுகளைக் கொத்தாகச் சுமக்கும் ஒரு சிக்னல் துண்டு, 8 மைக்ரோநொடி. வழக்கமான 6 மெகாபிட் வேகத்தில் ஒரு குறியீடு 48 பிட் சுமக்கும். 300 பைட் என்பது 2,400 பிட். முன்னும் பின்னும் 22 பிட் சேர்ந்து 2,422. அதற்கு 51 குறியீடுகள் வேண்டும், அதாவது 408 மைக்ரோநொடி. முகப்புக்கு 40 சேர்த்தால் 448 மைக்ரோநொடி. ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் குறைந்தது 58 மைக்ரோநொடி அமைதி வேண்டும். ஆகவே எல்லா வண்டிகளும் ஒன்றுக்கொன்று முட்டாமல் அச்சாக வரிசையில் நின்று பேசினாலும், நொடிக்கு 1,976 செய்திகளுக்கு மேல் இந்தச் சேனலில் போகாது.

இனி சாலையைப் பார்ப்போம். எட்டு வழி நெடுஞ்சாலை. ஒரு வண்டியின் ஒலி இரு பக்கமும் 350 மீட்டர் கேட்கிறது என்று கொண்டால் 700 மீட்டர் நீளம். ஒரு வழியில் 28 மீட்டருக்கு ஒரு வண்டி என்றால், சீராக ஓடும் போக்குவரத்தில் அங்கே 200 வண்டிகள். நொடிக்கு 2,000 செய்திகள். சாலையில் நெரிசல் இன்னும் தொடங்கவே இல்லை. சேனல் அதற்குள் நிரம்பிவிட்டது. வண்டிகள் ஊர்ந்து, இடைவெளி 9 மீட்டர் அளவுக்குச் சுருங்கினால் அதே இடத்தில் 600 வண்டிகள், 6,000 செய்திகள். கொள்ளளவைப்போல மூன்று மடங்கு.

தரவு வேகத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். 12 மெகாபிட்டுக்குப் போனால் அதே செய்தி 248 மைக்ரோநொடியில் முடிந்துவிடும். ஆனால் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச உணர்திறன், அதாவது ரிசீவர் புரிந்துகொண்டாக வேண்டிய மிக மெல்லிய சிக்னலின் வலு, -82 டிபிஎம்-இலிருந்து -77 டிபிஎம்-க்கு ஏறுகிறது. அந்த 5 டெசிபெல்லைத் தூரத்திலும் குறுக்கீட்டைத் தாங்கும் வலுவிலும் கட்டிக் கொடுக்க வேண்டும். 6 மெகாபிட்டிலேயே பலரும் நின்றதற்கு அதுதான் காரணம், அது சரியான முடிவும்கூட.

சேனல் நிரம்பும்போது உடைவது எது?

வீட்டு வைஃபை-யில் ஒரு பாக்கெட் போய்ச் சேராவிட்டால் ஒப்புகை வராது. அனுப்பியவர் காத்திருப்புச் சாளரத்தை (எத்தனை நேர இடங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து காத்திருப்பது என்ற எண்ணை) இரட்டிப்பாக்கி மறுபடி அனுப்புவார். நெரிசலைத் தானே உணர்ந்து தணியும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒலிபரப்பில் ஒப்புகை கிடையாது. மோதல் நடந்ததே அனுப்பியவருக்குத் தெரியாது. சாளரம் எப்போதும் 16 இடங்களிலேயே நிற்கும். ஐந்து வண்டிகள் ஒரே நேரத்தில் காத்திருந்து எண்ணத் தொடங்கினால், உங்கள் இடத்தையே மற்ற நால்வரில் யாராவது எடுத்திருக்கும் வாய்ப்பு சுமார் 23 சதவீதம்.

அடுத்தது மறைந்த முனையம். நடுவில் ஒரு வண்டி. அதற்கு முன்னே 300 மீட்டரில் ஒன்று, பின்னே 300 மீட்டரில் ஒன்று. முன்னதும் பின்னதும் ஒன்றையொன்று கேட்காது, ஆகவே இரண்டும் சேனல் காலி என்று நினைத்து ஒரே சமயத்தில் பேசும். நடுவில் இருப்பவருக்கு இரண்டும் குழம்பிப்போகும். அனுமதி கேட்டு அனுப்பும் முறை ஒலிபரப்பில் இயலாது, ஏனென்றால் யாரிடம் கேட்பது?

தொடக்க கால வடிவமைப்பில் இன்னொரு தவறும் இருந்தது. ஒரே ரேடியோவைக் கொண்டு, பாதுகாப்புச் செய்திகள் போகும் கட்டுப்பாட்டுச் சேனலிலும் மற்றவற்றுக்கான சேவைச் சேனலிலும் மாறி மாறி 50 மில்லிநொடி இருக்கலாம் என்று 1609.4 தரநிலை இடம்கொடுத்தது. மாறும்போது 4 மில்லிநொடி காவல் இடைவெளி. சேவைச் சேனலில் இருந்த நேரத்தில் பிறந்த பாதுகாப்புச் செய்திகள் எல்லாம் வரிசையில் தேங்கி, கட்டுப்பாட்டு நேரம் தொடங்கியவுடன் ஒரே மூச்சில் வெளியே பாயும். பாதிக் கொள்ளளவும் போனது, மீதிப் பாதியின் தொடக்கத்தில் மோதலும் குவிந்தது. பாதுகாப்புச் செய்திக்கென்று ஒரு ரேடியோவை 172-இலேயே நிறுத்திவைப்பதுதான் இதற்குச் சரியான தீர்வு. அதைத்தான் பின்னால் செய்தார்கள்.

நெரிசலே இல்லாமலும் பாக்கெட் தொலையும். 5.9 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். இரண்டு கார்களின் ஆன்டெனாவும் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், நேராக வரும் அலையும் தார்ச்சாலையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் சுமார் 89 மீட்டரிலும் 44 மீட்டரிலும் ஒன்றையொன்று தணிக்கும். 177 மீட்டரில் இரண்டும் கூடி வலுக்கும். அதனால் 90 மீட்டரில் கேட்காத வண்டி 170 மீட்டரில் நன்றாகக் கேட்பது கருவிக் கோளாறு அல்ல. களப்பதிவில் அந்த இடத்தில் பள்ளம் தெரிந்தால் ரேடியோவைப் பிரித்துப் பார்க்காதீர்கள். முதலில் ஆன்டெனா உயரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நடுவே லாரி நின்றால் பத்து டெசிபெல்லும் அதற்கு மேலும் போகும். எச்சரிக்கை மிகத் தேவைப்படும் நேரமும் அதுவே, ஏனென்றால் முன்னால் பிரேக் போடும் வண்டி ஓட்டுநர் கண்ணுக்கும் அப்போது தெரியாது.

ஆன்டெனா கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய கோஆக்சியல் கேபிள் இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு 2 டெசிபெல் அளவுக்கு விழுங்கும். கூரையிலிருந்து டிக்கிவரை 3 மீட்டர் ஓடினால் 6 டெசிபெல். திறந்த வெளியில் எட்டும் தூரம் பாதியாகிவிடும். ரேடியோவை ஆன்டெனாவின் அடியிலேயே வைப்பது எந்த மென்பொருள் மாற்றத்தையும்விட மலிவான மேம்பாடு. கண்ணாடிக் கூரை வண்டிகளில் ஆன்டெனாவுக்குக் கீழே உலோகத் தளம் போதாமல் முன்பக்கத்தில் குழி விழும். அங்கே ஒன்றுக்கு இரண்டு ஆன்டெனா வைக்காமல் தப்ப வழியில்லை.

எதை அளக்க வேண்டும்?

இந்த ஆய்வின் மையம் இதுதான். இரண்டு நிலைகளை ஒப்பிடுங்கள். முதல் நிலையில் வண்டி நொடிக்கு 10 முறை அனுப்புகிறது, 40 சதவீதம் தொலைகிறது. இரண்டாவதில் நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது, 10 சதவீதம் மட்டுமே தொலைகிறது. வெற்றி விகித அட்டவணையில் இரண்டாவது 90, முதலாவது 60. ஆனால் முதல் நிலையில், இழப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், அடுத்தடுத்து ஐந்து செய்திகளும் தொலையும் வாய்ப்பு 0.4-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: ஒரு சதவீதம். ஆக 99 சதவீத நேரம் அரை நொடிக்குள் ஏதாவது ஒரு செய்தி வந்துவிடும். இரண்டாவது நிலையில் எதுவுமே தொலையாவிட்டாலும் இடைவெளி ஒரு நொடி.

அந்த ஒரு நொடியில் என்ன ஆகும்? முன்வண்டி சீரான வேகத்தில் போனால் எதுவும் ஆகாது. கடைசியாகக் கேட்ட இடத்தையும் வேகத்தையும் வைத்து இப்போது எங்கே இருக்கும் என்று கணித்துவிடலாம். அது நொடிக்கு நொடி 8 மீட்டர் வேகம் குறையும்படி கடுமையாகப் பிரேக் போட்டால் கணிப்பில் பிழை 0.3 நொடியில் 0.36 மீட்டர், அரை நொடியில் 1 மீட்டர், ஒரு நொடியில் 4 மீட்டர். காலத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. எனவே கேட்க வேண்டியது எத்தனை சதவீதம் வந்தது என்பதல்ல. கையிலுள்ள செய்திக்கு எவ்வளவு வயது என்பது. அதிலும் சராசரி வயது போதாது. மிக மோசமான ஆயிரத்தில் ஒரு இடைவெளி எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். விபத்து நடப்பது அந்த வாலில்தான்.

200 வண்டிகளை அடக்கும் மூன்று வழிகள்

முதல் வழி, ஐரோப்பாவின் தரநிலை அமைப்பான எட்சி முதலில் வகுத்த படிநிலை முறை. வண்டி 100 மில்லிநொடியில் சேனல் எத்தனை சதவீத நேரம் பேச்சாக இருந்தது என்று அளக்கும். இனி நெரிசல் என்று சொல்லும் சதவீதம் இதுதான். ஒரு மில்லிநொடி வரை நீளும் செய்திகளுக்கான அட்டவணைப்படி 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நொடிக்கு 10 செய்தி. 30–39 என்றால் 5. 40–49 என்றால் 2.5, 50–60 என்றால் 2, அதற்கு மேல் 1. பார்க்க எளிமையாக இருக்கிறது. நம் 200 வண்டிகளை இதில் போடுங்கள். எல்லோரும் 10 அனுப்பினால் நெரிசல் 90 சதவீதம். அட்டவணை 1-க்கு இறங்கு என்கிறது. எல்லோரும் 1 அனுப்பினால் 9 சதவீதம். 10-க்கு ஏறு என்கிறது. 5 அனுப்பினால் 45 சதவீதம், 2.5-க்குப் போ. 2.5 அனுப்பினால் 22 சதவீதம், 10-க்குப் போ. எந்தப் படியில் நின்றாலும் அந்தப் படியே வெளியே தள்ளுகிறது. நிற்க இடமே இல்லை.

அருகருகே உள்ள வண்டிகள் கேட்பது ஒரே சேனலை. ஆகவே எல்லாம் ஏறக்குறைய ஒரே கணத்தில் ஒரே முடிவெடுத்துக் கூட்டமாக ஏறி, கூட்டமாக இறங்கும். இந்த ஊசலாட்டம் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. சேனல் ஒரு கணம் திணறும், அடுத்த கணம் காலியாகக் கிடக்கும். சராசரி எடுத்தால் நெரிசல் நடுத்தரமாக, நல்லதாகவே தெரியும். இறங்கும்போது உடனே, ஏறும்போது தாமதமாக என்று விதித்தால் ஊசல் மெதுவாகும். ஆனால் அந்தத் தாமதம் முழுவதும் எல்லோரும் நொடிக்கு ஒரு செய்தியோடு நிற்பார்கள். நோய் அட்டவணையின் படிகளில் இருக்கிறது, தாமதத்தில் இல்லை.

இரண்டாவது வழி லிமெரிக் என்ற நேர்கோட்டுக் கட்டுப்பாடு. எட்சி 2018-இல் திருத்திய விவரக்குறிப்பில் இதன் வடிவம் தகவமை முறையாக இடம்பெற்றது. ஒவ்வொரு வண்டியும் 200 மில்லிநொடிக்கு ஒருமுறை தன் பங்கைத் திருத்திக்கொள்ளும்: அடுத்த பங்கு = (1 − ஆல்ஃபா) × இப்போதைய பங்கு + பீட்டா × (இலக்கு − அளந்த நெரிசல்). ஆல்ஃபா 0.016, பீட்டா 0.0012, இலக்கு 68 சதவீதம். பங்கு என்பது தான் சேனலைப் பிடித்திருக்கும் நேர விகிதம்.

இங்கே ஆல்ஃபா செய்யும் வேலை பலருக்கும் முதலில் புரிவதில்லை. அது மறதி. யாருக்கு அதிகப் பங்கு இருக்கிறதோ அவர் அதிகம் இழப்பார், குறைவாக உள்ளவர் குறைவாக இழப்பார். கூட்டல் எல்லோருக்கும் ஒன்றே. அதனால் வேறு வேறு பங்கில் தொடங்கினாலும் கடைசியில் சமத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்குக் கொடுக்கும் விலை, இலக்கை முழுதாக எட்ட முடியாமல் சற்றுக் கீழே நிற்பது. சமநிலையில் 200 வண்டிகளுக்குப் போட்டுப் பார்த்தால் மொத்த நெரிசல் 63.75 சதவீதம், ஒவ்வொருவருக்கும் நொடிக்கு 7.1 செய்தி. 400 வண்டிகள் என்றால் 65.8 சதவீதம், ஆளுக்கு 3.7 செய்தி. ஆல்ஃபாவோடு வண்டி எண்ணிக்கை பெருக்கல் பீட்டாவைக் கூட்டினால் 2-க்குள் இருக்கும்வரை இது நிலையாக நிற்கும். இந்த எண்களுக்கு அந்த எல்லை 1,650 வண்டிகளுக்கு மேல். படிநிலை முறை நிற்க இடமில்லாமல் தவித்த அதே சாலையில் இது 7.1-இல் அசையாமல் உட்காருகிறது.

மூன்றாவது வழி அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 2016-இல் வெளியிட்ட ஜே2945/1 தரநிலை. அது நெரிசலைக் கேட்டு அனுப்பும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை, தலைகளை எண்ணுகிறது. 100 மீட்டருக்குள் எத்தனை வண்டிகள் கேட்கின்றன என்று பார்க்கும். 25 வரை 100 மில்லிநொடி இடைவெளி. அதற்கு மேல் எண்ணிக்கையை 25-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கிய மில்லிநொடி. 150-ஐ எட்டினால் 600-இல் நின்றுவிடும். நம் சாலையில் 100 மீட்டருக்குள் சுமார் 57 வண்டிகள். இடைவெளி 228 மில்லிநொடி, நொடிக்கு 4.4 செய்தி, நெரிசல் 39 சதவீதம். தகவமை முறையைவிடக் குறைவாகப் பேசுகிறது. ஆனால் இதில் ஊசலாட்டமே வராது: நான் குறைவாகப் பேசியதால் சாலையில் வண்டிகள் குறைந்துவிடப்போவதில்லை. ஏன் 100 மீட்டர், ஏன் 300 அல்ல? தூரத்தில் உள்ளவர்களின் செய்திகள் நெரிசலில் அதிகம் தொலையும். அவர்களை எண்ணப்போனால் நெரிசல் கூடக் கூட எண்ணிக்கை குறைந்து தெரிந்து, வண்டி இன்னும் அதிகம் பேசத் தொடங்கும். அருகில் உள்ளவர்களின் செய்தி நெரிசலிலும் பெரும்பாலும் கேட்கும்.

இதன் மேல் இரண்டு அடுக்குகள் உண்டு. சேனல் நெரிசல் 50-இலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற ஏற, அனுப்பும் திறன் 20 டிபிஎம்-இலிருந்து 10 டிபிஎம் வரை இறங்கும். இன்னொன்று, நம் பார்வையில் இந்தத் தரநிலையின் மிகச் சிறந்த யோசனை: பிழை பார்த்துப் பேசுதல். ஒவ்வொரு வண்டியும், பிறர் தன்னை இப்போது எங்கே இருப்பதாக நினைப்பார்கள் என்று தானே கணித்து, உண்மை இடத்தோடு ஒப்பிடும். வித்தியாசம் 0.2 மீட்டருக்குக் கீழே என்றால் முறை வரும்வரை காத்திருக்கும். அதைத் தாண்டினால் முறைக்கு முன்பே அனுப்பும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும், 0.5 மீட்டரை எட்டினால் உறுதியாக அனுப்பும். கடும் பிரேக் போன்ற அவசர நிகழ்வுக்குக் காத்திருப்பே இல்லை. சீராகப் போகும் 190 வண்டிகள் அமைதியாக இருந்து, திடீரென்று திரும்பும் பத்து வண்டிகளுக்குச் சேனலை விட்டுக்கொடுக்கின்றன. நம்பகத்தன்மையும் சிக்கனமும் இங்கே ஒரே செயலாகிவிடுகின்றன.

அனுப்பும் வேகத்தை அடக்கும்போது மறந்துபோகும் ஒரு சிறு இடம் வரிசை. செய்தி உருவாகும் தாளமும், அதை வெளியே விடும் கதவான வாயில் திறக்கும் தாளமும் வேறாக இருந்தால், 200 மில்லிநொடிக்கு ஒருமுறை பிறக்கும் செய்தி 250 மில்லிநொடிக்கு ஒருமுறை திறக்கும் வாயிலில் காத்துக்கிடக்கும். வரிசை நீளம் 10 என்று விட்டுவைத்தால், நிலையான நிலையில் வெளியே போகும் ஒவ்வொரு செய்தியும் இரண்டு நொடிக்கு மேல் பழையது. வெளியே போனதில் ஒன்றுகூடத் தொலையவில்லை என்று பதிவேடு சொல்லும். வரிசை நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். புதியது வந்தால் பழையதைத் தூக்கிப் போட வேண்டும். இன்னும் நல்லது, வாயில் திறக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்போது புதிதாகச் செய்தியை உருவாக்குவது.

சான்றிதழ் என்னும் பொறி

ஒவ்வொரு செய்தியிலும் 64 பைட் கையொப்பம் இருக்கும். அதைச் சரிபார்க்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழை எல்லாச் செய்தியிலும் வைத்தால் பெரிதாகும் என்பதால், சுமார் அரை நொடிக்கு ஒருமுறை மட்டும் முழுதாக வைத்து, இடையில் 8 பைட் சுருக்கத்தை வைப்பார்கள். நொடிக்குப் பத்துச் செய்தி போகும்போது ஐந்தில் ஒன்றுதான் பருமன்.

நெரிசல் கூடி இடைவெளி 600 மில்லிநொடிக்குப் போனால்? அரை நொடி ஒவ்வொரு முறையும் கடந்துவிடுகிறது. ஒவ்வொரு செய்தியும் முழுச் சான்றிதழோடு போகும். சான்றிதழால் 120 பைட் கூடும் என்று கொண்டால் செய்தி 420 பைட். 71 குறியீடு, 608 மைக்ரோநொடி. சேனல் மிகத் திணறும் நேரத்தில் ஒவ்வொரு செய்தியும் 36 சதவீதம் நீளமாகிறது. ஊர்ந்து செல்லும் 600 வண்டிகளுக்கு நெரிசல் 45 சதவீதத்திலிருந்து 61-க்கு ஏறும். அதைக் கண்டு திறன் கட்டுப்பாடு குரலைத் தாழ்த்தும். கொள்ளளவைக் கணக்கிடும்போது 300 பைட் என்ற ஒரே எண்ணை வைத்துப் போடுவது இதனால்தான் தவறு. இரண்டு நீளங்களையும், எந்த நிலையில் எது எத்தனை பங்கு என்பதையும் வைத்துப் போட வேண்டும்.

சி-வி2எக்ஸ்: மோதல் குறைந்தது, மௌனம் நீண்டது

2017-இல் செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி-யின் 14-ஆம் வெளியீட்டோடு வந்த சி-வி2எக்ஸ், இடம்பிடிக்கும் முறையையே மாற்றியது. காலம் ஒரு மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் அதிர்வெண்ணில் பல உட்சேனல்கள். வண்டி கடந்த ஒரு நொடியைக் கேட்டு, யார் எங்கே பேசுகிறார்கள் என்று தெரிந்து, வலுவாகக் கேட்கும் இடங்களை விலக்கும். மிச்சம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் வரம்பை 3 டெசிபெல் தளர்த்தி மறுபடி பார்க்கும். கிடைத்ததில் அமைதியானவற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். எடுத்த இடத்தை விடாமல் வைத்திருக்கும்: 5 முதல் 15 வரை ஒரு எண்ணைப் பிடித்து, அத்தனை முறை அதே இடத்தில் பேசும். எண் தீர்ந்தால் மாற்றலாம், மாற்றாமலும் தொடரலாம். தொடரும் வாய்ப்பை 0.8 வரை வைக்கலாம்.

இது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகப் போட்டி இல்லை. அடுத்து யார் எங்கே பேசுவார் என்று முன்கூட்டியே தெரியும். சராசரி வெற்றி விகிதம் உயரும். ஆனால் ரேடியோ பேசும்போது கேட்காது. இரண்டு வண்டிகள் ஒரே மில்லிநொடியை எடுத்துவிட்டால், உட்சேனல் வேறாக இருந்தாலும், ஒன்றையொன்று கேட்க முடியாது. மோதல் நடக்கிறது என்று தெரியவும் முடியாது. 100 மில்லிநொடியில் 100 துண்டுகள். இரண்டு குறிப்பிட்ட வண்டிகள் ஒரே துண்டில் விழ 1 சதவீத வாய்ப்பு. சராசரி இழப்பு 1 சதவீதம்தான். அந்த 1 சதவீதம் எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். 802.11பி-யில் நூறில் ஒரு செய்தி அங்கும் இங்கும் தொலையும். இங்கே அந்த இரண்டு வண்டிகளுக்குள் மட்டும் எண் தீரும்வரை எல்லாமே தொலையும். சராசரியாகப் பத்து முறை, ஒரு நொடி. தொடரும் வாய்ப்பு 0.8 என்றால் அதைப்போல ஐந்து மடங்கு: ஒரு வண்டி இடம் மாற்ற சராசரியாக ஐந்து நொடி. இரண்டில் எது மாறினாலும் கட்டு அவிழும். ஆனால் தற்செயலாக இரண்டுமே நீண்ட எண்ணைப் பிடித்திருந்தால் நொடிகள் ஓடும். மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரு நொடி 25 மீட்டர்.

ஒவ்வொரு செய்தியையும் வேறு துண்டில் இரண்டாம் முறை அனுப்புவது இதைப் பெரிதும் குறைக்கும். விலை கொள்ளளவு. ஒரு செய்தி இரண்டு உட்சேனல்களைப் பிடித்து இரண்டு முறை போனால் நான்கு. 20 மெகாஹெர்ட்ஸில் பத்து உட்சேனல்கள் என்றால் நொடிக்கு 10,000 இடங்கள், ஆக 2,500 செய்திகள். இரட்டிப்பு அகலத்தில், 10 மெகாஹெர்ட்ஸ் 802.11பி-யின் 1,976-ஐ விடச் சற்றே அதிகம். அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் செய்திகளுக்கு 5.905 முதல் 5.925 வரை முழு 20 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டது ஆடம்பரம் அல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இன்னும் நேர்த்தியான திருத்தம் எஸ்ஏஇ ஜே3161/1-இல் வந்தது: ஒற்றைத் தாவல். வண்டி தன் வழக்கமான இடத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். ஆனால் 2 முதல் 6 வரை இன்னொரு சிறு எண்ணைப் பிடித்து, அது தீரும்போது ஒரே ஒரு செய்தியை மட்டும் வேறொரு இடத்தில் அனுப்பிவிட்டுத் திரும்பும். அந்த ஒரு தாவல் மௌனத்தை உடைத்துவிடும். 100 மில்லிநொடித் தாளத்தில் மிக நீண்ட மௌனம் அரை நொடிச் சொச்சத்துக்குள் அடங்கிவிடும். சராசரி வெற்றி விகிதத்தில் இதனால் முன்னேற்றம் தெரியாது. தாவும் செய்தி அறிவிக்காமல் ஓரிடத்தில் நுழைவதால் மிகச் சிறிதளவு குறையவும் கூடும். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்தத் திருத்தத்தை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

சி-வி2எக்ஸ் கூடுதலாகச் சார்ந்திருக்கும் ஒன்று நேரம். துண்டுகள் எல்லா வண்டிகளுக்கும் ஒன்றாக விழ வேண்டும் என்பதால் செயற்கைக்கோள் நேரம் தேவை. நீண்ட சுரங்கப்பாதையில் அது போய்விட்டால் உள் கடிகாரம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கருவி வாங்கும் முன்பே சோதிக்க வேண்டும். 802.11பி-க்கு அங்கே இடக்கணிப்பு மங்கும், பேச்சு நிற்காது.

களத்தில் பதிவெடுக்கும் முறை

ஒவ்வொரு ரிசீவரிலும் வந்த செய்தி ஒவ்வொன்றுக்கும் ஐந்தைப் பதியுங்கள்: வந்த நேரம், அனுப்பியவரின் தற்காலிக அடையாள எண், செய்தி வரிசை எண், செய்திக்குள்ளிருக்கும் நேரமுத்திரை, இருவரின் இடம். கூடவே 100 மில்லிநொடிக்கு ஒருமுறை சேனல் நெரிசல். தூரத்தை 20 மீட்டர்ப் பட்டைகளாகப் பிரியுங்கள். 50 மீட்டராகப் பிரித்தால் 89 மீட்டர்ப் பள்ளம் கரைந்துவிடும். பிறகு அனுப்புபவர்–பெறுபவர் இணை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அடுத்தடுத்த செய்திகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, 95-ஆம், 99-ஆம், 99.9-ஆம் சதமானத்தை (அத்தனை சதவீத இடைவெளிகள் அடங்கும் எல்லையை) எடுங்கள். எல்லா இணைகளையும் முதலிலேயே ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால், ஐந்து நொடி செவிடாக இருந்த அந்த ஒரு இணை காணாமல் போகும். செய்தி பிறந்த நேரமுத்திரைக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனிப் படமாகப் போடுங்கள். வரிசையில் தேங்கும் கோளாறு அங்கே மட்டுமே தெரியும்.

இரண்டு இடங்களில் பதிவு ஏமாற்றும். பிஎஸ்எம் வரிசை எண் 0 முதல் 127 வரை ஓடி மறுபடி 0-க்கு வரும். ஒரு வண்டி 13 நொடி கேட்காமல் போய்த் திரும்பினால் எண் ஒரு சுற்று முடித்திருக்கும், இழப்பு இரண்டு மூன்று என்று தெரியும். ஆகவே எண்ணை நேரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டாவது, தனியுரிமைக்காக வண்டியின் அடையாள எண்ணும் சான்றிதழும் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். பதிவில் ஒரு வண்டி திடீரென்று மறைந்து, அதே இடத்தில் அதே வேகத்தில் புதியதொன்று பிறக்கும். அதை இழப்பாக எண்ணாமல், இடத்தையும் வேகத்தையும் வைத்து இரண்டு இழைகளையும் ஒட்டிய பிறகே இடைவெளிகளைக் கணக்கிடுங்கள்.